காங்கேயம் காளை பாப் ஆர்ட் ஆகாது

போன மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியை தம் பாடத்திட்டத்தைக் காட்டினார். தலைப்பு, ‘அன்றாடச் சின்னங்கள் வழியாகப் பாப் ஆர்ட்’. கடைப் பொருள், விளம்பரம், காமிக்ஸ் என்று அன்றாடம் கண்ணில் படுவதையே படமாக்கும் கலைதான் பாப் ஆர்ட். கீழே பட்டியல்: காங்கேயம் காளை, பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள், மருதமலைக் கோபுரம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பட்டியலும் அச்சு அசலாக அதுதான்.

தூரிகையைத் தண்ணீரிலேயே ஊறவிடுவது, ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்தைப் பூசுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மாணவர்களே இரண்டாம் வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாப் ஆர்ட் சொல்லித் தரும் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்தான் கீழே.

பெருமைச் சின்னத்தை அன்றாடச் சின்னம் என்று நினைப்பது

திருப்பூரில் ஒன்பதாம் வகுப்பு, 36 பிள்ளைகள். கான்வாஸுக்கும் அக்ரிலிக் வண்ணத்துக்குமாகத் தலைக்கு 300 ரூபாய் வசூலித்தேன். ஏழு சனிக்கிழமைகள் போயின. ஒவ்வொருவரும் காளையை நான்கு கட்டங்களில் நான்கு நிறங்களில் வரைந்தார்கள். ஊதாக் காளை, இளஞ்சிவப்புக் காளை என்று ஆண்டுவிழா அன்று சுவர் முழுக்க 144 காளைகள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வந்த பெரியவர் ஒருவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “மாடு அருமையாக இருக்கிறதுங்க. பொங்கல் விழா மேடைக்குப் பின்னால் மாட்ட நாலைந்து கிடைக்குமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் செய்து வைத்திருந்தது மேடை அலங்காரம்தான்.

அதைவிட உறைத்தது இன்னொருவர் சொன்னது. பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்யும் அப்பா அவர். “எங்கள் பையன் இதுவரை காளையைத் தொட்டதில்லைங்க சார். நாங்கள் லைன் வீட்டில் இருக்கிறோம்.” கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவருடைய வேலை என்ன தெரியுமா? பனியனின் கழுத்துக்கு உட்புறம் அளவெழுத்தையும் சலவைக் குறிகளையும் அச்சடிப்பது. தண்ணீர்த் தொட்டி, இஸ்திரிப் பெட்டி, ‘பிளீச் போடாதே’ என்று சொல்லும், பெருக்கல் குறி போட்ட முக்கோணம். ஊர் முழுக்க அந்தக் குறிகள்தான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுச் சோறு அவற்றிலிருந்து வருகிறது. சூப் டப்பாப் படங்களால் பெயர்பெற்ற அமெரிக்கப் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962 முதல் தம் படங்களுக்குப் பயன்படுத்திய, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக அச்சிடும் சில்க் ஸ்கிரீன் முறையும் அந்தப் பட்டறைச் சட்டமும் ஒரே குடும்பம். நிறத்துக்கு ஒரு சட்டம், ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு. பள்ளிக்கு அரை கிலோமீட்டரில் அது இருந்தது. நான் அங்கே போகாமல் 36 கான்வாஸ் வாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

காளையை எல்லோரும் ஏற்கெனவே வணங்கிப் பார்க்கிறார்கள். மளிகைக் கடையில் வாங்கி, காலி செய்து, தூக்கி எறிகிற சூப் டப்பாவை யார் பார்த்தார்கள்? அதனால்தான் வார்ஹாலின் கை அதன்மேல் போனது. ஜமக்காளமும் அப்படித்தான், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, என் மாணவர்களில் பலர் வீட்டில் ஜமக்காளம் இல்லை. பிளாஸ்டிக் பாய் இருக்கிறது.

இப்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வீட்டுக் குப்பைக்கூடையில் விழாத பொருள் பட்டியலில் ஏறாது. முதல் வகுப்பில் எல்லோரும் ஒரு பையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஷாம்பு பாக்கெட், கிழிந்த பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, நாமக்கல் முட்டை வந்த அட்டை. முட்டை அட்டையைப் பாருங்கள், ஐந்துக்கு ஆறு, முப்பது குழிகள். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவது என்றால் என்ன என்று நான் பலகையில் விளக்க வேண்டியதே இல்லை.

“நம் ஊர் அடையாளம் வேண்டாமா?” என்று அந்த ஆசிரியை கேட்டார். பெருக்கல் குறி போட்ட முக்கோணத்தைவிடத் திருப்பூருக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

வெளிநாட்டுப் பொருளே கூடாது என்பது

மேலே உள்ளதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். 1956-ல் லண்டன் வைட்சாப்பல் காட்சிக்கூடத்துக்காக பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த ஒட்டுப்படத்தில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க இதழ்களில் வெட்டியவை. பிரிட்டனில் போர்க்கால ரேஷன் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. ஆசைப்படும் பொருளும் அன்றாடம்தான். பிள்ளைகள் எந்த ஷூ விளம்பரத்தைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

சூப் டப்பாக்களை ‘அச்சடித்தார்’ என்று சொல்லித் தருவது

வார்ஹால் 1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வைத்த அந்த 32 படங்களும் பெரும்பாலும் கையால் தீட்டியவை. அடியில் வரும் பூவடிவம் மட்டும் முத்திரை குத்தியது. சில்க் ஸ்கிரீன் அதே ஆண்டில் பிறகு வந்தது.

புள்ளிகளை அழகுக்கு வைப்பது

காமிக்ஸ் படங்களைப் புள்ளிகளோடு பெரிதாக வரைந்த ராய் லிச்சென்ஸ்டைன் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் கன்னமெல்லாம் அம்மைபோலப் புள்ளி குத்திவிடுவார்கள். முதலில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து நாளிதழின் வண்ணப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். மலிவு அச்சின் அந்தத் தந்திரத்தைத்தான் அவர் பெரிதாக்கிக் காட்டினார்.

உள்ள அளவிலேயே செய்வது

பாப் ஆர்ட் சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் 1962-ல் செய்த துணி பர்கர் ஏறக்குறைய ஏழு அடி அகலம். எங்களிடம் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதை அடைத்து என் மாணவிகள் நான்கடி நீள முட்டை பப்ஸ் ஒன்று தைத்தார்கள். பேக்கரிக்காரர் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

நடிகர் முகம்

வேண்டாம். யார் ரசிகர் என்ற சண்டையிலேயே மணி அடித்துவிடும்.

பால் பாக்கெட்

ஒட்டுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாங்கள் கழுவவில்லை. மூன்றாம் நாள் வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.