பம்பு அறையில் பிரஷர் ட்ரான்ஸ்மிட்டர் பொருத்துவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

பரந்தன், கிளிநொச்சி, வவுனியா என்று ஏ9 வீதியோரம் வேலை தேடிப் போகும் எலெக்ட்ரீசியன் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் வீட்டு வயரிங் நன்றாகத் தெரிந்திருக்கும். மோட்டர் ஸ்டார்ட்டரும் தெரியும். ஆனால் ஓர் அரிசி மில்லிலோ குடிநீர் பம்பு அறையிலோ பிரஷர் ட்ரான்ஸ்மிட்டரை, அதாவது குழாயின் அமுக்கத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் கருவியை, கையில் கொடுத்தால் கொஞ்சம் தயங்குவார்கள். இரண்டே இரண்டு வயர்தான், 24 வோல்ட் டிசிதான். பயம் முழுக்க அந்த வயரில் இருக்கும். உண்மையில் ஆளைக் காயப்படுத்தக்கூடியது குழாய்க்குள் இருக்கும் அமுக்கம். அதனால் இந்த விளக்கத்தில் குழாய் வேலைக்கு முதல் இடம், வயருக்கு அடுத்த இடம்.

உதாரணத்துக்கு ஒரு தண்ணீர்ப் பம்பின் வெளியேறும் குழாயில், 0 முதல் 10 பார் வரை அளக்கும் இரண்டு வயர் ட்ரான்ஸ்மிட்டரைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் சாமான் சரியா என்று பாருங்கள்

உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளை முழுக்க வாசியுங்கள். அளவு வீச்சு, வெளியீடு 4–20 மில்லி அம்பியரா (பூச்சிய அமுக்கத்தில் 4, முழு வீச்சில் 20), எத்தனை வோல்ட் வேண்டும், மரை எந்த வகை, எந்த முனைக்கு எந்த வயர் என எல்லாம் அதில் இருக்கும். வயரின் நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும்.

வழக்கமாக ஓடும் அமுக்கம் வீச்சின் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் விழுந்தால் நல்லது. 5 பாரில் ஓடும் பம்புக்கு 10 பார் ட்ரான்ஸ்மிட்டர் பொருந்தும். 6 பார் ஒன்றைப் போட்டால், கறண்ட் திடீரென்று நின்று தண்ணீர் திரும்பி அடிக்கும்போது அமுக்கம் அதன் எல்லையைத் தாண்டலாம். கறண்ட் அடிக்கடி போகிற இடங்களில் இதை மறக்கக் கூடாது. அந்த அடியைத் தணிக்க ஸ்னபர் என்று ஒரு சின்னத் துண்டு கிடைக்கும். அதையும் சேர்த்துப் போடச் சொல்வேன்.

அமுக்கத்தை இறக்குங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. பம்பை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, அதில் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். "வேலை நடக்கிறது, போட வேண்டாம்" என்று எழுதி மாட்டுங்கள். தண்ணீர் மட்டம் பார்த்துத் தானாக ஓடத் தொடங்கும் பம்புகள் உண்டு. அறையில் ஆள் இல்லை என்பதற்காக அது ஓடாது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, இரு பக்க வால்வுகளையும் மூடுங்கள். நடுவில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். முள் கேஜ் பூச்சியத்துக்கு வந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், கேஜ் அடைத்துப் போயிருக்கலாம். வடிகாலில் தண்ணீர் வருவது முற்றாக நின்றதைக் கண்ணால் பாருங்கள். 15 மீற்றர் உயரத் தண்ணீர்த் தாங்கியோடு தொடர்புள்ள குழாயில், பம்பு நின்ற பிறகும் ஏறக்குறைய ஒன்றரை பார் அமுக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

மில்லில் நெல் அவிக்கும் நீராவிக் குழாய் என்றால் இன்னும் கவனம். "தம்பி, நெல் அவிஞ்சுகொண்டிருக்கு, கெதியா முடியுங்கோ" என்று முதலாளி நிற்பார். "ஸ்டீமை இறக்காமல் கை வைக்க ஏலாது அண்ணை" என்று பொறுமையாகச் சொல்லுங்கள், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கொதிகலனின் உடம்பில் புதிதாகத் துளை போடுவதோ, பாதுகாப்பு வால்வைத் தொடுவதோ நம் வேலை இல்லை. அதற்குத் தகுதி பெற்றவர்கள் வர வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது என்பதற்காகப் பாதுகாப்பு வால்வைக் கழற்றவும் கூடாது. இது அளக்கும் கருவி, காக்கும் கருவி இல்லை.

எங்கே, எப்படி முறுக்குவது

தண்ணீர்க் குழாயின் பக்கவாட்டில் இணைப்பு எடுங்கள். மேலே எடுத்தால் காற்று சிக்கும், கீழே எடுத்தால் மண்ணும் துருவும் வந்து அடைக்கும். நம் பகுதியில் பல குழாய்க் கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு இந்தச் சின்னத் துளையிலும் படியும். அதனால் குழாய்க்கும் ட்ரான்ஸ்மிட்டருக்கும் இடையில் ஒரு சின்ன வால்வும், அழுத்தம் விடும் துவாரமும் கட்டாயம் இருக்கட்டும். பிறகு கழற்றிச் சுத்தம் செய்ய முழுப் பம்பையும் நிறுத்தத் தேவையில்லை.

மரை கூம்பி வருகிற வகை என்றால் டெஃப்ளோன் டேப்பை மரையின் திசையில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள், முதல் மரையை விட்டுவிட்டு. டேப் துண்டு உள்ளே போனால் துளையை அடைக்கும். நேர் மரை என்றால் டேப் வேண்டாம், வாஷர்தான் கசிவை நிறுத்தும். கையால் முறுக்கி, பிறகு அறுகோணப் பகுதியில் ஸ்பனரை வைத்து இறுக்குங்கள். மேலே உள்ள பெட்டியைப் பிடித்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் வயர் முறுகி அறும்.

நீராவிக்கு நேரே பொருத்தக் கூடாது. வளைந்த சைஃபன் குழாய் போட்டு, அதைத் தண்ணீரால் நிரப்பிய பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சூட்டைத் தடுக்கிறது. சைஃபன் காலியாக இருந்தால் சென்சர் வெந்துவிடும்.

உயரத்தையும் கவனியுங்கள். இணைப்பு எடுத்த இடத்துக்கு 2 மீற்றர் கீழே ட்ரான்ஸ்மிட்டரை மாட்டினால் இடையில் நிற்கும் தண்ணீரே 0.2 பார் கூட்டிக் காட்டும். 2 பார் மட்டுமே உள்ள குழாயில் இது பத்தில் ஒரு பங்குப் பிழை.

வயர் இழுப்பது

ஷீல்ட் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள, இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கிய கேபிள் வாங்குங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் போதும். மோட்டர் கேபிளோடு ஒரே குழாயில் போட வேண்டாம். குறைந்தது ஒரு அடி தள்ளிக் கொண்டுபோங்கள், வேகம் மாற்றும் டிரைவ் இருந்தால் இன்னும் தள்ளி. கடக்க வேண்டி வந்தால் குறுக்கே செங்குத்தாகக் கடவுங்கள்.

கிளாண்டுக்கு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கும் துண்டு) முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்து விடுங்கள். மாரியில் கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், பெட்டிக்குள் ஏறாது. பெட்டியில் பாவிக்காத கேபிள் துவாரத்தைச் சரியான மூடியால் அடையுங்கள். திறந்து விட்டால் குளவி மண்கூடு கட்டும், எறும்பு குடியேறும். பம்பு அறைகளில் இது வழமை.

இப்போது இணைப்பு. பனலில் 230 வோல்ட்டும் இருக்கும் என்பதால் முதலில் அதை அணைத்து, கறண்ட் இல்லை என்று சோதியுங்கள். மீற்றரைக் கறண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை, வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை, மறுபடி கறண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மீற்றரே பழுதாக இருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

வரிசை இதுதான்: 24 வோல்ட் சப்ளையின் பிளஸ் முனையிலிருந்து ட்ரான்ஸ்மிட்டரின் பிளஸுக்கு ஒரு வயர். ட்ரான்ஸ்மிட்டரின் மைனஸிலிருந்து பிஎல்சியின் (பனலில் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி) அல்லது டிஸ்பிளேயின் உள்ளீட்டுப் பிளஸுக்கு மற்ற வயர். உள்ளீட்டு மைனஸிலிருந்து சப்ளையின் மைனஸுக்குத் திரும்பும் வயர் பனலுக்குள்ளேயே முடியும். எல்லாம் ஒரே வளையம், ஒரே மின்னோட்டம். சில பிஎல்சி உள்ளீடுகள் தாமே 24 வோல்ட் கொடுக்கும். அப்படியானால் வெளிச் சப்ளை சேர்க்கக் கூடாது. கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சப்ளையை உள்ளீட்டுக்கு நேரே, நடுவில் ட்ரான்ஸ்மிட்டர் இல்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும்? உள்ளே 250 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 24ஐ 250ஆல் வகுத்தால் 96 மில்லி அம்பியர், 2.3 வாட் சூடு. அது கால் வாட் ரெசிஸ்டர் என்றால் கருகிவிடும். ஆகவே வளையத்தில் 50 மில்லி அம்பியர் அளவிலான சின்ன ஃபியூஸ் போடுங்கள், செலவு மிகக் குறைவு.

வளையத்தில் எவ்வளவு தடை தாங்கும் என்றும் கணக்கிடலாம். ட்ரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டுமென்றால் மிச்சம் 12 வோல்ட். அதை வளையத்தில் ஓடக்கூடிய உச்ச மின்னோட்டமான 0.022 அம்பியரால் வகுத்தால் சுமார் 545 ஓம். உள்ளீடு 250, 100 மீற்றர் தூரக் கேபிள் போய்வர வெறும் 5 ஓம். தாராளமாக இடம் இருக்கிறது.

ஷீல்டைப் பனல் பக்கம் மட்டும் எர்த்தில் கட்டுங்கள். ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றி விடுங்கள். இரு பக்கமும் கட்டினால் இரு எர்த்துக்கும் இடையிலான வேறுபாட்டால் ஷீல்டிலேயே மின்னோட்டம் ஓடும், அளவு ஆடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி முழங்கும் ஊர் இது. வெட்டவெளியில் நீளமான கேபிள் போனால் சர்ஜ் புரொடக்டர் (மின்னலால் திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் கருவி) அவசியம். வானம் இருண்டு இடி கேட்டால் வெளியில் உள்ள கேபிள் வேலையை உடனே நிறுத்திவிடுங்கள்.

ஓட விட்டுப் பார்ப்பது

சின்ன வால்வு மூடியபடி, துவாரம் திறந்தபடி சப்ளை கொடுங்கள். வளையத்தில் ஓரிடத்தைப் பிரித்து மல்டிமீற்றரை மில்லி அம்பியரில் தொடராக வையுங்கள். 4.0 காட்ட வேண்டும். சற்று விலகினால் இந்த நிலையில்தான் பூச்சியத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு துவாரத்தையும் வடிகாலையும் மூடி, பெரிய வால்வுகளைத் திறந்து, சின்ன வால்வை மெதுவாகத் திறந்து, துவாரத்தால் காற்றை வெளியேற்றி, கசிவைப் பாருங்கள். முகத்தைத் துவாரத்துக்கு நேரே வைக்க வேண்டாம், கண்ணாடி போடுங்கள். பூட்டைக் கழற்றி, பம்பைப் போட்டு, முள் கேஜோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பாருக்கும் 1.6 மில்லி அம்பியர் கூடும். 3 பார் என்றால் 8.8, 5 பார் என்றால் 12. பிஎல்சியில் வீச்சு 0–10 என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் சரியாக இருந்தும் எண் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அளவு பூச்சியம் மில்லி அம்பியர் என்றால் வயர் அறுந்திருக்கிறது அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பம்பு ஓடியும் 4இலேயே நின்றால் சின்ன வால்வு மூடியிருக்கும் அல்லது துளை அடைத்திருக்கும். 21க்கு மேல் போனால் அமுக்கம் எல்லை தாண்டியிருக்கலாம், சென்சரும் பழுதாகியிருக்கலாம். மழை நாளில் மட்டும் அளவு அலைந்தால் மூடியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் திகதி, வீச்சு, பூச்சியத்தில் வந்த மில்லி அம்பியர், ஓடும்போது வந்த மில்லி அம்பியர், வயர் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன் மூடியின் ரப்பர் வளையத்தையும் கிளாண்டையும் பார்த்து, சின்ன வால்வை மூடித் துளையைக் கழுவி, பூச்சியத்தைத் திரும்ப அளந்து அதே தாளில் அடுத்த வரியாக எழுதுங்கள்.