விண்வெளி ஈர்ப்பு அலைக் கருவிக்கான ஃபோட்டோடையோடைச் சோதிப்பது எப்படி

ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட லிசா திட்டத்தில் மூன்று விண்கலங்கள் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் முக்கோணமாகப் பறக்கும். ஈர்ப்பு அலை கடந்தால் அந்த இடைவெளி மிக நுண்ணிய அளவில் மாறும்; அதை லேசரால் அளப்பதே வேலை. ஒரு கலத்தின் 1064 நானோமீட்டர் லேசர் அடுத்த கலத்தைச் சேரும்போது கையில் கிடைப்பது சில நூறு பிக்கோவாட்தான். அதை உள்ளூர் லேசரோடு கலந்தால் 5 முதல் 25 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு விம்மல் (இரு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசத்தில் துடிக்கும் சைகை) எழுகிறது. அதன் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, படிப்பது ஒளியை மின்னோட்டமாக்கும், நான்கு கூறுகளாகப் பிரிந்த இன்டியம் காலியம் ஆர்சனைடு ஃபோட்டோடையோடும் அதன் முன்பெருக்கியும். தூரத்தில் 1 பிக்கோமீட்டர் என்பது கட்டத்தில் சுமார் 6 மைக்ரோரேடியன். ஆகவே வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் வருகிறதா என்று பார்ப்பதோடு இங்கே வேலை முடியாது. இரைச்சல், கட்டம் இரண்டும் தேறினால்தான் டையோடு தேறியது.

முதலில் இருட்டில்

மணிக்கட்டில் நிலைமின் பட்டை, கையில் பவுடர் இல்லாத கையுறை. விண்ணுக்குப் போகும் டையோடில் பெரும்பாலும் முகப்புக் கண்ணாடி இருக்காது. கண்ணாடியின் இரு முகங்களுக்கிடையே ஒளி எதிரொளித்து, வெப்பநிலைக்கேற்ப அளவு ஏறி இறங்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். அதனால் தங்கக் கம்பிகள் திறந்தே கிடக்கும். தூசி தெரிந்தாலும் பஞ்சால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள்.

பின்னோக்கு மின்னழுத்தத்தை 0 முதல் 5 வோல்ட் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு கூறின் இருட்டு மின்னோட்டத்தையும் (ஒளியே இல்லாதபோதும் கசியும் மின்னோட்டம்) எழுதுங்கள். ஒரு கூறை அளக்கும்போது மற்ற மூன்றும் அதே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அவற்றை அந்தரத்தில் விட்டால் பக்கத்துக் கூறின் மின்னோட்டம் இடைவெளி வழியாக இங்கே வந்து சேரும். நல்ல டையோடும் கெட்டதாகத் தெரியும். பக்கத்திலேயே வெப்பநிலையையும் குறியுங்கள். 10 டிகிரி கூடினால் இருட்டு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால் வெப்பநிலை இல்லாத எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

அறை விளக்கை அணைத்துப் போட்டுப் பாருங்கள். எண் அசைந்தால் பெட்டியில் ஒளி கசிகிறது. கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் பல பிளாஸ்டிக்குகளும் துணிகளும் அகச்சிவப்பைத் தாராளமாக விடும். அலுமினியத் தாளைச் சுற்றிவிடுவதே நிச்சயமான வழி.

அடுத்து மின்தேக்குதிறன். 1 மெகாஹெர்ட்ஸில், டையோடு இல்லாத தாங்கியின் அளவைக் கழித்துவிட்டு அளந்தால் போதும். இந்த எண் ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

இரைச்சல்: விளக்கை வைத்து அளப்பது

பெருக்கியின் தரவுத்தாளில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். டையோடைக் கோத்த பிறகுதான் உண்மை வெளிவரும். பெருக்கியின் மின்னழுத்த இரைச்சல் 1 நானோவோல்ட்/√ஹெர்ட்ஸ், ஒரு கூறின் தேக்குதிறன் 10 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். 25 மெகாஹெர்ட்ஸில் இந்த இரண்டும் சேர்ந்தே 1.6 பிக்கோஆம்பியர்/√ஹெர்ட்ஸ் இரைச்சல் தரும். மொத்த இலக்கே 2 பிக்கோஆம்பியர் அளவில்தான். தேக்குதிறன் 20 ஆனால் கதை முடிந்தது.

அளக்க லேசரை எடுக்காதீர்கள். லேசரின் ஒளிச்செறிவிலேயே கூடுதல் இரைச்சல் உண்டு. தாழ்ந்த மெகாஹெர்ட்ஸில் அது எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். பேட்டரியில் எரியும் ஹாலஜன் விளக்கு போதும். அதன் ஒளியில் ஷாட் இரைச்சலை (மின்னோட்டம் தனித்தனி எலக்ட்ரான்களாக வருவதால் எழும் ஏற்ற இறக்கம்) தவிர வேறெதுவும் அளவில் தெரியாது. ஷாட் இரைச்சலின் அளவு மின்னோட்டத்தை மட்டுமே பொறுத்தது என்பதால், அதுவே கையிலிருக்கும் அளவுகோல்.

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு திறன் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைஸரின் உள்வாயை 50 ஓமில் முடித்து, அதன் சொந்த இரைச்சலை முதலில் பதியுங்கள். பிறகு டையோடை மூடி, இருட்டில் ஒரு பதிவு. இது அனலைஸர் அளவுக்கு மேலே குறைந்தது 10 டெசிபெல் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் நடுவே ஒரு குறை இரைச்சல் பெருக்கியைப் போடுங்கள். இப்போது விளக்கை நெருக்கி, கூறின் நேர் மின்னோட்டம் 12.5 மைக்ரோஆம்பியர் வரும்படி வையுங்கள். அந்த மின்னோட்டத்தின் ஷாட் இரைச்சல் சரியாக 2 பிக்கோஆம்பியர்/√ஹெர்ட்ஸ். இருட்டைவிட 3 டெசிபெல் ஏறினால் பெருக்கியின் இரைச்சலும் 2. ஏற்றம் 3-க்குக் குறைந்தால் பெருக்கி இரைச்சல் கூடுதல், தாண்டினால் குறைவு.

ஒரே புள்ளியோடு நிறுத்தாமல் 5 முதல் 200 மைக்ரோஆம்பியர் வரை ஐந்தாறு இடங்களில் எடுத்து, இரைச்சல் திறனை மின்னோட்டத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். மேல்நோக்கி வளைந்தால் ஒளியிலோ மின்வழங்கியிலோ கூடுதல் இரைச்சல் இருக்கிறது. கீழ்நோக்கி வளைந்தால் பெருக்கி திணறுகிறது. கோட்டின் சரிவிலிருந்து ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பெருக்கியின் ஆதாயம் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) கிடைக்கும். ஒரு பொறி: அனலைஸர் டெசிபெல் அளவுகோலிலேயே சராசரி எடுத்தால் இரைச்சலை 2.5 டெசிபெல் குறைத்துக் காட்டும். வெளிச்சப் பதிவுக்கும் இருட்டுப் பதிவுக்கும் உள்ள விகிதத்தில் இந்தப் பிழை அடிபட்டுப் போகும், ஆதாயக் கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிடும். திறனின் சராசரியைக் காட்டும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறமாலையில் ஊசி ஊசியாக முளைத்தால் டையோடைக் குற்றம் சொல்லாதீர்கள். சிற்றலை வானொலியும் ஸ்விட்ச்சிங் மின்வழங்கிகளின் மேற்சுரங்களும் இதே 5–25 மெகாஹெர்ட்ஸில்தான் விழுகின்றன.

2 பிக்கோஆம்பியருக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு கூறில் 250 மைக்ரோவாட் உள்ளூர் ஒளி விழுந்தால், 0.7 ஆம்பியர்/வாட் உணர்திறனில் 175 மைக்ரோஆம்பியர். அதன் ஷாட் இரைச்சலே 7.5 பிக்கோஆம்பியர். உள்ளூர் ஒளியைக் கூட்டி மின்னணு இரைச்சலை அமுக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஷாட் இரைச்சல் ஒளித்திறனின் வர்க்கமூலமாக ஏறும்போது லேசரின் செறிவு இரைச்சல் நேர்விகிதத்தில் ஏறுகிறது. அதனால் ஒளியைக் கூட்டித் தப்பிக்க ஓர் எல்லை உண்டு.

கட்டமும் வெப்பநிலையும்

ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து, 80, 90 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரு ஒலி-ஒளிப் பண்பேற்றிகள் (ஒலி அலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவிகள்) வழியாக விட்டுச் சேர்த்தால் 10 மெகாஹெர்ட்ஸ் விம்மல் கிடைக்கும். அதைப் பிளந்து பாதியைச் சோதனை டையோடுக்கும், பாதியை வெப்பநிலை மாறாத ஒப்பீட்டு டையோடுக்கும் அனுப்பி, இரண்டின் கட்ட வேறுபாட்டைப் பதியுங்கள்.

பெருக்கியின் வெட்டு அதிர்வெண் (இதற்கு மேல் பெருக்கம் சரியும்) 50 மெகாஹெர்ட்ஸ், விம்மல் 20 மெகாஹெர்ட்ஸ், பின்னூட்ட மின்தடை டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நகர்கிறது என்றால், கட்டம் டிகிரிக்குச் சுமார் 35 மைக்ரோரேடியன் நகரும். ஏறத்தாழ 6 பிக்கோமீட்டர். ஒரு மின்தடைத் துண்டு செய்யும் வேலை இது! வெப்பநிலையை 5 டிகிரி ஏற்றி, ஒரு மணி நேரம் நிலைக்க விட்டு, அதே அளவு இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவு ஒன்றாக இல்லையென்றால் டையோடை விட்டுவிட்டு கேபிளையும் இணைப்பிகளையும் பாருங்கள். கோஆக்ஸ் கேபிளின் தாமதமும் வெப்பநிலையோடு நகரும். இரு டையோடுகளுக்கும் ஒரே வகை, ஒரே நீளம், ஒன்றாகக் கட்டியது வேண்டும்.

லிசா அளக்க வேண்டிய மெதுவான அலைகளின் எல்லையான 0.1 மில்லிஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கே 10,000 நொடி ஆகும். பத்துச் சுழற்சிகளாவது வேண்டுமென்றால் 28 மணி நேரம் ஆளில்லாத அறையில் ஓட விட வேண்டும்.

கூறுகளுக்கிடையே கசிவு

1.5 மில்லிமீட்டர் விட்டத்தில் 20 மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 3.4% பரப்பு இடைவெளிக்கே போகிறது. இடைவெளியைவிடச் சிறிய ஒளிப்பொட்டை 5 மைக்ரோமீட்டர் படிகளில் நகர்த்தி மேற்பரப்பை வரைபடமாக்குங்கள். டையோடைச் சில டிகிரி சாய்த்து வைத்தால் எதிரொளி லேசருக்குத் திரும்பாது. பிறகு பண்பேற்றிய ஒளியை ஒரே கூறின் நடுவில் நிறுத்தி மற்ற மூன்றையும் 25 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பாதிகளுக்கிடையே அதே கட்டத்தில் 1% கசிந்தால், அலைமுகச் சாய்வை (ஒளி எந்தக் கோணத்தில் வருகிறது என்பதை) சொல்லும் கட்ட வேறுபாடு 2% சுருங்கும். பெரும்பாலும் குற்றவாளி பெருக்கிப் பலகையில் பக்கம் பக்கமாக ஓடும் தடங்கள்தான்.

கதிர்வீச்சுக்குப் பின்

ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து ஒன்றைக் கதிர்வீச்சுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மற்றவற்றோடு சேர்த்து அளங்கள். அளவுக்கருவி நகர்ந்ததா டையோடு நகர்ந்ததா என்று அதுதான் சொல்லும். கதிர்வீச்சின்போது மின்னழுத்தம் இணைத்தே இருக்கட்டும். கோபால்ட்-60 காமா பெரும்பாலும் மேற்பரப்புக் காப்படுக்கையைக் கெடுக்கும்; புரோட்டான் படிக அணுக்களையே இடம் பெயர்க்கும். இரண்டிலும் இருட்டு மின்னோட்டம் ஏறும். அதைக் கண்டு பதற வேண்டாம். 1 நானோஆம்பியர் 100 ஆனாலும் அதன் ஷாட் இரைச்சல் 0.18 பிக்கோஆம்பியர்தான், 7.5-க்கு முன்னால் ஒன்றுமில்லை. உணர்திறனும் தேக்குதிறனும் நகர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். காமாவுக்குப் பின் உடனே ஒன்று, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கழித்து ஒன்று, 100 டிகிரியில் 168 மணி நேரம் வைத்தபின் ஒன்று என மூன்று அளவுகள் எடுங்கள்.

புரோட்டானுக்குப் பிறகு டையோடின் உலோகக் கூடு தானே கதிரியக்கம் பெற்றிருக்கும். அளவீட்டு மேசைக்குக் கொண்டுவருமுன் கதிர்வீச்சு அளவியைக் காட்டிப் பாருங்கள். சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த நாள்களில் டையோடு எந்த வெப்பநிலையில் கிடந்தது என்பதையும் எழுதி வையுங்கள், சேதம் அறை வெப்பத்திலேயே கொஞ்சம் ஆறிவிடும்.