நெரிசலுக்கு விலை போடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

"போக்குவரத்து நெரிசலால் ஆண்டுக்கு இத்தனை கோடி இழப்பு" என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எதோடு ஒப்பிட்டு?

சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு பயணம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நடுராத்திரி 2 மணிக்கு 20 நிமிடம், காலை 9 மணிக்கு 55 நிமிடம். வித்தியாசம் 35 நிமிடம். ஒரு லட்சம் பேர், போக வர இரண்டு தடவை, வருடத்துக்கு 250 நாள், மணிக்கு 100 ரூபாய் என்று பெருக்கினால் சுமார் 292 கோடி ரூபாய். ஆனால் காலை 9 மணிக்குக் காலிச் சாலை எந்தப் பெருநகரத்தில் இருக்கிறது? அதை உண்டாக்க எத்தனை கட்டடங்களை இடிக்க வேண்டும் என்ற செலவு இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வண்டிகள் நிறைய இருந்தும் தேங்காமல் நகர்கிற நிலையில் 35 நிமிடம் ஆகும் என்றால், அதைத்தான் அடிப்படையாக எடுக்க வேண்டும். அப்போது இழப்பு 167 கோடி. அளவுகோலை மாற்றியதிலேயே 125 கோடி குறைந்துவிட்டது.

எல்லா மெதுவான பயணத்துக்கும் நெரிசல் காரணம் இல்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். இந்தியாவின் 154 நகரங்களில் கூகுள் மேப்ஸ் பயண நேரங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஊருக்கு ஊர் வேகம் மாறுவதற்கு முக்கியக் காரணம் நெரிசல் அல்ல, நெரிசல் இல்லாத நேரத்திலேயே சில ஊர்களில் வண்டி மெதுவாகப் போவதுதான் என்று தெரிந்தது. குண்டும் குழியுமான சாலையின் குற்றத்தை நெரிசலின் தலையில் கட்டினால் மருந்தும் மாறிவிடும்.

எரிபொருள் கணக்கிலும் கவனம் தேவை. பெட்ரோல் விலையில் இருக்கும் வரி அரசுக்குப் போகிறது. ஓட்டுபவருக்கு அது செலவு, ஆனால் பொருளாதாரத்துக்கு இழப்பு அல்ல. அதைக் கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். சரக்கு லாரி தாமதமான செலவையும், அதனால் ஏறிய காய்கறி விலையையும் சேர்த்துப் போட்டால் ஒரே இழப்பை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

அப்புறம், நெரிசலால் ஆண்டுக்கு இழப்பு என்று சொல்லப்படும் அந்த 1.47 லட்சம் கோடி ரூபாய். 2018-ல் உபர் நிறுவனத்துக்காக பாஸ்டன் கன்சல்டிங் குரூப் தயாரித்த அறிக்கையில் வந்த எண் இது. டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா நான்கின் உச்ச நேரத்துக்கானது; சென்னை அதில் இல்லை. மேம்பாலம் கட்டினால் இந்தப் பணம் அப்படியே திரும்பி வரும் என்று பேசுவது தவறு. சாலை அகலமானால், இதுவரை வெளியே எடுக்காத வண்டிகளும் வந்து சேர்ந்துகொள்ளும்.

என்னை அதிகம் உறுத்துவது, வண்டியை எண்ணி மனிதரை விட்டுவிடுவது. சாலைப் பொறியாளர்கள் போக்குவரத்தை 'பிசியூ' என்ற கார் அளவில் கணக்கிடுகிறார்கள். இந்திய நகரச் சாலைகளுக்கான வழிகாட்டுதலில் ஒரு பஸ் 2.2 முதல் 3.7 கார் வரை. அது அடைக்கிற இடத்துக்கான அளவு, அதுவரை சரி. அதே எண்ணைத் தாமதச் செலவுக்கும் எடுத்தால், 60 பேர் நெருக்கியடித்து நிற்கும் மாநகரப் பேருந்து நாலு காருக்குள் அடங்கிவிடுகிறது. நேரத்தைச் சம்பளத்தை வைத்து மதிப்பிட்டால் இன்னும் மோசம்: கார்க்காரரின் ஐந்து நிமிடம், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் அரை மணி நேரத்தைவிடப் பெரிதாகிவிடும். வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பை வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. பிரிட்டனில் அரசு மதிப்பீடுகள் அப்படித்தான் செய்கின்றன.

அந்த அம்மா மத்திய கைலாஷ் நிறுத்தத்தில் நிற்கிறார். நெரிசலில் சிக்கிய பஸ் வரவில்லை. 25 நிமிடம் கழித்து மூன்று ஒன்றாக வருகின்றன. எந்த நாள் இப்படி ஆகும் என்று தெரியாததால், அவர் தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார். சாலையில் ஓடும் வண்டிகளின் ஜிபிஎஸ் வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் அந்த 25 நிமிடமும் இல்லை, முக்கால் மணி நேரமும் இல்லை.