கோடையில் மேய்ச்சல் பண்ணை: விருந்தாளி வரும் நாளில் நடக்கும் தவறுகள்

மாட்டுக்கு நிழல் வேண்டும், விருந்தாளிக்குத் தொப்பி வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பண்ணைக்குப் புதியவர்கள் ஒவ்வொரு கோடையிலும் செய்வது வேறு தவறுகள். ஆரம்பத்தில் நாங்களும் செய்தவைதான் என்பதால் பார்க்கும்போதே மனம் பதறுகிறது.

வெயில் தாழ்ந்ததும் மாட்டை ஓட்டுவது

மாலை 5 மணி நமக்கு இதமாக இருக்கும், மாட்டுக்கு இருக்காது. வெயில் உச்சம் தொட்டு ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்துத்தான் மாட்டின் உடல்சூடு உச்சத்துக்குப் போகும். அந்தச் சூடு இறங்க இரவில் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். தடுப்பூசி, எடை பார்ப்பது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் விடியலில் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். விருந்தாளி அதைப் பார்க்க ஆசைப்பட்டால் அவரைச் சீக்கிரம் எழுப்புங்கள். நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக மூச்சிரைக்கும் மாடு ஒன்று கண்ணில் பட்டாலும் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

திறந்திருந்த கேட்டை மூடிவிட்டு வருவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மூட வேண்டிய கேட்டைத் திறந்து போட்டால் மாடு வெளியே வரும். உடனே தெரிந்துவிடும், ஓட்டி உள்ளே விடலாம். திறந்தே இருக்க வேண்டிய கேட்டை மூடினால் எதுவும் தெரியாது. விருந்தாளி நல்ல எண்ணத்தில்தான் கொளுக்கியை மாட்டிவிட்டு வருகிறார். ஆனால் தண்ணீர்த் தொட்டி அந்தக் கேட்டுக்கு அப்பால் இருக்கிறது.

கறவைப் பசு கடும் வெயிலில் நாளுக்கு 100 லிட்டருக்கு மேலும் குடிக்கும். அரை நாள் தண்ணீர் இல்லையென்றால் பால் குறையும், மூச்சிரைப்பு ஏறும். ஒரு முழு நாள் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்போது பதறிப்போய் கேட்டை அகலத் திறந்துவிடுவது இரண்டாவது தவறு. வறண்டுபோன உடலில் உப்பு செறிந்திருக்கும். ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் மூளை வீங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள். கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

கேட் இருந்தபடியே இருக்கட்டும் என்று வந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதோடு விட்டுவிடாமல், சுற்றிக் காட்டி முடித்ததும் நீங்களே ஒரு முறை தொட்டிவரை நடந்து பாருங்கள். தொட்டியோரச் சேற்றில் புதுக் குளம்படி இருக்கிறதா? தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்கும் மிதவையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறதா? மாடுகள் வேலியோரம் நெருக்கி நின்று ஒரே திசையைப் பார்த்துக் கத்துகின்றனவா?

தொட்டி பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் இதே வகைதான். மந்தை மொத்தமாக வரும், பலமுள்ளவை முதலில் குடிக்கும். அவை கிளம்பினால் குடிக்காதவையும் பின்னாலேயே போய்விடும். 50 மாட்டுக்குத் தலா 80 லிட்டர் என்றால் 4,000 லிட்டர். அதை 4 மணி நேரத்தில் நிரப்ப நிமிடத்துக்கு 17 லிட்டர் வர வேண்டும். 20 லிட்டர் வாளியைக் குழாயடியில் வையுங்கள். நிரம்ப 70 விநாடிக்கு மேல் ஆனால் குழாய் போதாது. தரைமேல் கிடக்கும் கறுப்புக் குழாயில் தண்ணீர் கொதிக்கும், மண்ணுக்குள் புதையுங்கள்.

கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நின்று படம் எடுப்பது

வேண்டாம். விருந்தாளியின் நாயும் கூட வர வேண்டாம்.

உலர்புல் போரில் குழந்தைகளை ஏறவிடுவது

புல்லில் ஈரம் 20 சதவீதம் தாண்டியிருக்கும்போது கட்டினால் உள்ளே சூடேறிக்கொண்டே போகும். போருக்குள் வெப்பமானிக் கம்பியைச் செருகிப் பாருங்கள். 65 டிகிரி செல்சியஸ் என்றால் தினமும் பார்க்க வேண்டும். 80ஐ நெருங்கினால் கட்டுகளைப் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். முதலில் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

மின்வேலி

அணைத்திருந்தாலும் தொடச் சொல்லாதீர்கள்.

வேறு பண்ணைக்குப் போய்வந்த பூட்ஸ்

கிருமிநாசினியில் முக்கி எடுத்தால் போதாது. சாணமும் மண்ணும் ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது. அடிப்பாகத்தின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மருந்தில் நனைக்க வேண்டும், அதுவும் பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம்வரை. உங்களிடமே இரண்டு மூன்று அளவுகளில் பூட்ஸ் வைத்திருந்து, வருபவருக்குக் கொடுப்பது அதைவிட எளிது.