தாயகத்தில் அரிதான செடி வெளியே பரவாதா?

சொந்த மண்ணில் எங்கும் மண்டிக் கிடக்கும் செடி, வெளிநாடு போனாலும் அப்படித்தான் பரவும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பாதி சரி. தாயகத்தில் பரவலாக உள்ள இனங்கள்தான் அயல்நாடுகளிலும் அதிகம் வேரூன்றியிருக்கின்றன. பலவகைத் தட்பவெப்பத்தைத் தாங்குவது அதற்கு ஒரு காரணம். ஆனால் பல இடங்களில் வளரும் செடி, தானிய மூட்டையிலோ கப்பல் சரக்கிலோ ஏறிப் போகும் வாய்ப்பும் அதிகம். இதை மறந்துவிட்டு, எல்லாம் செடியின் திறமை என்று எழுதிவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய தவறு, அரிதான செடியால் ஆபத்தில்லை என்று நினைப்பது. மான்டரே பைன் என்ற ஊசியிலை மரம் இயற்கையாக வளர்வது கலிஃபோர்னியக் கடற்கரையில் மூன்று இடங்களிலும் மெக்சிகோவைச் சேர்ந்த இரண்டு தீவுகளிலும் மட்டுமே. மரக்கட்டைக்காக நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று நட்டுத் தள்ளினார்கள். இப்போது அங்கெல்லாம் தோப்பைத் தாண்டித் தானாகவே முளைக்கிறது. தாயகத்தில் அதன் பரப்பு சுருங்கிக் கிடந்ததை வைத்து, அதனால் எங்கே வாழ முடியும் என்று சொல்லவே முடியாது.

அதற்காக வேலிக்கு வெளியே நாலு கன்றைப் பார்த்ததும் 'இயல்பாகிவிட்டது' என்று முடிவு கட்டவும் கூடாது. மனிதர் கை படாமல், தலைமுறை தலைமுறையாகத் தானே இனம் பெருக்கினால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அப்படி இயல்பான செடிகளிலும் பெரும்பாலானவை, வேகமாகப் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளும் ஆக்கிரமிப்புச் செடிகள் அல்ல.

சரி, இத்தனை வருஷம் சும்மா இருந்த செடி இனிமேலா பரவப்போகிறது? பரவலாம். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் அயல் மரங்களையும் புதர்களையும் ஆராய்ந்தபோது, கொண்டுவந்ததற்கும் பரவத் தொடங்கியதற்கும் நடுவே சராசரியாக 147 ஆண்டுகள் ஓடியிருந்தன. நேற்று வந்த செடியையும் இருநூறு வருஷமாக இருக்கும் செடியையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது அதனால்தான் வீண் வேலை.

விதை வைக்காவிட்டால் பயமில்லை என்பதும் தப்பு. ஜப்பானிய நாட்வீட், ஃபூஜி மலையின் எரிமலைச் சரிவுகளில் முதலில் கால் ஊன்றும் செடிகளில் ஒன்று. பிரிட்டனில் பரவியிருப்பதோ கிட்டத்தட்ட முழுக்க ஒரே பெண் செடியின் நகல்கள். தரைகீழ்த் தண்டில் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு கிடைத்தால் போதும், துளிர்த்துவிடும். அதைக் கொத்தி எடுத்த மண்ணை வேறு இடத்தில் கொட்டினால், நாமே நட்டு வைத்த கதைதான்.

கடைசியாக, அயல் செடி ஏன் இப்படிப் பரவுகிறது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் 'அதைத் தின்னும் இயற்கை எதிரி அங்கே இல்லை' என்ற ஒரே பதில். ஆஸ்திரேலியாவின் சப்பாத்திக்கள்ளிக்கு அது பொருந்தியது: அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்து 1926-இல் விட்ட அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகளைத் தின்று சாய்த்தன. பைன் மரங்களின் கதை வேறு. தென் அரைக்கோளத்தில் பல இடங்களில் முதலில் அவை தேறவில்லை. வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அங்கே இல்லை. அந்தப் பூஞ்சைகளும் வந்து சேர்ந்த பிறகே பைன்கள் நன்றாக வளர்ந்தன.