எந்த டயர் சத்தம் கம்மி? போனை வைத்து நாமே அளந்து பார்ப்பது எப்படி

டயர் மாற்றலாம் என்று இரண்டு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் ஒன்றைக் காட்டி "இது சத்தமே வராதுங்க" என்றார்கள். அடுத்த கடையிலும் அதே வசனம், டயர்தான் வேறு. என் ஸ்விஃப்டில் 70-ஐத் தாண்டினாலே காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். தங்கை வீட்டு மாப்பிள்ளையிடமும் அதே ஸ்விஃப்ட், அதே 185/65 ஆர்15 அளவு, வேறு கம்பெனி டயர். அதில் உட்கார்ந்தால் வண்டு இல்லை. நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, என் காதுதான் ஏமாற்றுகிறதா என்று பார்க்க மூன்று ஞாயிறு செலவழித்தேன். முதல் ஞாயிறு முழுக்க வீண். உங்களுக்கு அது வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனை நம்பலாமா என்று பாருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முதல் நாள் ஏதோ ஒரு டெசிபல் ஆப்பை இறக்கிக்கொண்டு போனேன். 60-ல் போனாலும் 70 டெசிபல், 100-ல் போனாலும் 70 டெசிபல். டயர் இரைச்சல் அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் சுமார் 9 டெசிபல் ஏறும், 60-லிருந்து 100-க்குப் போனால் ஆறு, ஏழாவது ஏற வேண்டும். நானோ அது தெரியாமல் "அட, நம்ம டயர் பரவாயில்லையே" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

போன் என்பது பேசுவதற்குச் செய்த பொருள். சத்தம் அதிகமானால் மைக்கின் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் ஏற்றிக்கொள்ளும். பேச்சுக்கு அது நல்லது, நம் வேலைக்கு விஷம். கண்டுபிடிக்க எளிய வழி மிக்ஸி. சமையலறையில் காலி மிக்ஸியை ஓட விட்டு, இரண்டடி தள்ளி போனை வைத்து அரை நிமிடம் எண்ணைப் பாருங்கள். ஏறி ஒரே இடத்தில் நின்றால் சரி. மிக்ஸி அதே சத்தத்தில் ஓடும்போதே எண் மெல்ல மெல்ல இறங்கினால் அந்த ஆப் வேண்டாம். (விடிகாலை ஐந்து மணிக்கு இதைச் செய்யாதீர்கள். வீட்டில் எனக்கு விழுந்த திட்டு எத்தனை டெசிபல் என்று அளக்கவில்லை.)

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். பதிந்ததை எக்செல்லாக எடுத்துக்கொள்ளலாம். ஊசி ஆடுகிற மாதிரி பகட்டாகக் காட்டும் ஆப்கள் எனக்கு ஆகாது, நமக்கு வேண்டியது படம் இல்லை, சராசரி. எதுவானாலும் மிக்ஸி சோதனை கட்டாயம், போனுக்குப் போன் மாறும். காட்டும் எண் சரியான டெசிபலா என்ற கவலை வேண்டாம். ஒரே போன், ஒரே இடம் என்றால் இரண்டு டயருக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் சரியாக வந்துவிடும். நமக்கு அதுதான் வேண்டும்.

ரோடு

டயரைவிட ரோடுதான் அதிகம் சத்தம் போடுகிறது. அவிநாசியிலிருந்து செங்கப்பள்ளி போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில், வழவழப்பான இடத்துக்கும் ஜல்லி துருத்திய இடத்துக்கும் ஒரே டயரில் எனக்கு 5 டெசிபல் வித்தியாசம் வந்தது. கடைசியில் இரண்டு டயருக்கும் இடையில் வந்த வித்தியாசம் அதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரே மாதிரி தார் உள்ள ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள், இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை. 80-ல் போனால் சரியாக 45 விநாடி. அதே லேன், அதே திசை. திரும்பி வரும்போது அளந்ததை இதோடு கலக்காதீர்கள்.

திசை ஏன் என்றால் காற்று. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றில் அம்மியே பறக்கும், கண்ணாடி ஓரம் விசில் அடிப்பது டயர் சத்தத்தை விழுங்கிவிடும். அந்த மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். ரோடு ஈரமாக இருந்தாலும் வேண்டாம்.

காருக்குள்

ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் அணைக்க வேண்டும், கண்ணாடி முழுக்க ஏற்ற வேண்டும், அதெல்லாம் நீங்களே செய்வீர்கள். போனை டேஷ்போர்டு ஹோல்டரில் மாட்டாதீர்கள், அங்கே அதிர்வும் சேர்ந்து பதிவாகும். பின் சீட்டில் யாரும் உட்காராத பக்கத்து ஹெட்ரெஸ்டில், காது உயரத்தில், ஒரு துண்டை மடித்து வைத்து அதன்மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். போனின் கவரைக் கழற்றிவிடுங்கள், மைக் ஓட்டை வெளியே தெரிய வேண்டும்.

டிக்கியைக் காலி செய்யுங்கள். இரண்டாம் ஞாயிறு ஒவ்வொரு வளைவிலும் "டொங்" என்று ஒரு சத்தம். சஸ்பென்ஷன் போச்சு என்று பயந்து ஓரங்கட்டிப் பார்த்தால், கோயிலில் கொடுத்த தேங்காய் உருண்டுகொண்டிருந்தது.

காற்றழுத்தத்தை வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். இரண்டு செட்டுக்கும் அதே அளவு.

ஓட்டம்

ஓட்டுவது ஒருவர், போனைப் பார்ப்பது இன்னொருவர். தனியாகச் செய்யாதீர்கள். நான் ஓட்டினேன், மாப்பிள்ளை பின்னால். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை, ஏனென்றால் ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 80-க்குப் பதில் 85-ல் போனாலே முக்கால் டெசிபல் ஏறிவிடும். ஐந்தாவது கியர், ஆக்சிலரேட்டரில் கால் ஆடாமல். எஞ்சினை அணைத்துவிட்டு உருள விட்டு அளக்கலாமே என்று தோன்றும், பொது ரோட்டில் அதைச் செய்யவே கூடாது, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும்.

60-ல் மூன்று முறை, 80-ல் மூன்று முறை. பக்கத்தில் லாரி கடந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் வீலை மாற்றிப் போடுவது. இரண்டு காரையும் வீட்டு வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டு, அவர் வீல் நான்கையும் என் காரில் மாட்டினோம். இடது வீல் இடதிலேயே, வலது வலதிலேயே. நட்டைக் குறுக்கு வாட்டத்தில் முடுக்குங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை முடுக்குங்கள். "ஏனுங்க மச்சான், புது டயரே வாங்கியிருக்கலாம்" என்றார் மாப்பிள்ளை, மூன்றாவது வீலில்.

அவர் டயரில் அளந்தபின் மறுபடி உங்கள் டயரையே மாட்டி இன்னொரு தரம் அளக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறி ரோடு சூடானால் டயர் சத்தம் தானாகவே கொஞ்சம் குறையும், அந்தக் குறைவை இரண்டாவது டயரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். எனக்கு 80-ல் வந்தது: என் டயர் 69.1, மாப்பிள்ளை டயர் 67.3, மறுபடி என் டயர் 68.9. முதலும் கடைசியும் ஒட்டி வந்ததால்தான் நடு எண்ணை நம்பினேன்.

ரீங்காரம் எங்கே?

1.7 டெசிபல் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து டெசிபல் குறைந்தால்தான் காதுக்குப் பாதியாகத் தெரியும். அப்படியானால் என் வண்டு எங்கே? ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு அலைவரிசைப் படம் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கோடு) எடுத்தேன். இந்த டயர் 80-ல் நொடிக்கு 11 சுற்றுக்கு மேல் சுற்றும். சுற்றிலும் 60 பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) இருந்தால் அவை ரோட்டில் நொடிக்கு சுமார் 680 தடவை அடிக்கும். பட்டன்களை வேண்டுமென்றே சின்னதும் பெரியதுமாக வெட்டுவது இந்த அடிகள் ஒரே சுருதியில் சேராமல் இருக்கத்தான். என் டயரில் 80-ல் தெரிந்த ஒரு கூர்மையான முனை, 60-ல் கீழே இறங்கியது. வேகத்தோடு நகர்கிற முனை பட்டன் சத்தம். வேகம் மாறினாலும் 220 ஹெர்ட்ஸ் பக்கம் நகராமல் நிற்பது டயருக்குள் அடைத்த காற்று அதிர்வது, அது எல்லா டயரிலும் கொஞ்சம் இருக்கும்.

கையால் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பம் மாதிரி இடறியது. பட்டனின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. வீல்களை முன்பின் மாற்றாமல் 30,000 கிலோமீட்டர் ஓட்டிய என் சோம்பேறித்தனம்.

பின்சேர்க்கை 1: ஐரோப்பாவில் டயருக்கு ஒட்டும் லேபிளில் டெசிபல் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை அணைத்து உருள விட்டு, ரோட்டோரம் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. தெருவில் நிற்பவர் காதுக்கான எண், உங்கள் காதுக்கு இல்லை.

பின்சேர்க்கை 2: ஒருவர் நான்கு டயரும் புதிதாக மாற்றியும் ரீங்காரம் போகவில்லை என்று எழுதினார். ஆளில்லாத அகலமான ரோட்டில் மெதுவாக இடது வலதாக வளைத்துப் பாருங்கள் என்றேன். வலது பக்கம் வளைத்தால் கூடியது, இடது பக்கம் வளைத்தால் அடங்கியது. அது டயரே இல்லை, இடது முன் வீல் பேரிங். டயருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.