பைக்கில் வழிகாட்டியாகக் கைப்பேசி: கோவையிலிருந்து வால்பாறைக்கு ஒரு செய்முறை

பைக் ஓட்டுபவர் திரையைப் பார்த்து வழி அறிவதைவிடக் குரலைக் கேட்டு அறிவதே பாதுகாப்பானது. ஆகவே, பார்க்க வேண்டியவை அனைத்தையும் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே பார்த்து முடித்துவிட வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதித் திருத்தமும், ஓட்டும்போது கைப்பேசியை வழி அறிய மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த அனுமதிக்கிறது.

முதல் வேலை ஹோல்டரைப் பொருத்துவது. ரப்பர் பட்டையை மட்டும் நம்பும் ஹோல்டர் வேண்டாம். காங்கேயம் சாலையில் ஒரு வேகத்தடையைத் தாண்டியபோது, அப்படியொரு ஹோல்டரிலிருந்து எகிறிய என் கைப்பேசி, சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஊசலாடியது. நான்கு மூலைகளையும் கவ்வி, திருகால் இறுகும் வகையையே வாங்குங்கள். பொருத்திய பின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, ஒயர் இழுபடவில்லை, கைப்பேசி டேங்கில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திறன்மிக்க பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருப்பதால், அதிர்வு தாங்கும் ஹோல்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவதில் தவறில்லை.

அடுத்து, வீட்டிலிருக்கும்போதே வைஃபையில், கூகுள் மேப்ஸ் செயலியைத் திறந்து, கோவை, பொள்ளாச்சி, வால்பாறை அடங்கிய பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தைப் பதிவிறக்குங்கள். செயற்கைக்கோள் வழியாக இடம் அறிய இணையம் தேவையில்லை. ஆனால் கைப்பேசியில் வரைபடம் இல்லையென்றால், சிக்னல் அற்ற மலையில் வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே நகரும்.

பின்னர் சேருமிடத்தைக் கொடுத்து, பைக் படமுள்ள குறியைத் தேர்ந்தெடுங்கள். இவ்வசதி இந்தியாவுக்கு 2017 டிசம்பரில் வந்தது. கார் நுழையாத குறுக்குவழிகளையும் இது காட்டும் என்பது நன்மைதான். ஆயினும் நம் பக்கத்தில் குறுக்குவழி என்பது இருபுறமும் வேலி அடைத்த இட்டேரியாகவோ வாய்க்கால் கரையாகவோ இருக்கலாம். மழை பெய்த மறுநாள் அங்கே சக்கரம் புதைந்தால் தள்ளிவிடக்கூட ஆள் கிடைக்காது. இதைத் தவிர்க்க, பொள்ளாச்சியையும் ஆழியாற்றையும் இடை நிறுத்தங்களாகச் சேர்த்து, வழி முழுவதையும் விரலால் நகர்த்திப் பார்த்து, பெரிய சாலையிலேயே செல்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குரலைத் தமிழுக்கு மாற்றி, ஒலியைக் கூட்டி, ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் கருவியோடு இணையுங்கள். சுற்றியுள்ள ஹாரன் ஓசையும் காதில் விழ வேண்டும் என்பதால், காதை அடைக்கும் இயர்போன் கூடாது.

கிளம்பிய பின் திருப்பத்தைத் தவறவிட்டால் பதற்றம் வேண்டாம். சற்று நேரத்தில் செயலி புது வழியைச் சொல்லும். சாரல் தொடங்கினால், திரையில் விழும் துளிகளை விரல் தொடுவதாகவே கைப்பேசி எடுத்துக்கொண்டு வரைபடத்தை இழுத்தடிக்கும். அப்போது ஓரமாக நிறுத்தித் திரையை அணைத்து, மழை படாத உள்பையில் வைத்துக் குரலை மட்டும் கேளுங்கள்.

ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வழி குழம்ப இடமில்லை. அட்டகட்டி அருகே காடம்பாறைக்குப் பிரியும் சாலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அடிவாரத்திலேயே வழிகாட்டலை நிறுத்திவிட்டு, கண்ணை வளைவின்மீதும் விரலை ஹாரன்மீதும் வைத்து ஏறுங்கள்.